கிரைண்டரோட வர்ற எஸ்பிரஸ்ஸோ மெஷின் வாங்கப் போறீங்களா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

போன வருஷம் ஆடித் தள்ளுபடில ஒரு மெஷின் வாங்கினேன். காப்பிக் கொட்டையை மேல போட்டா அதுவே அரைச்சு, அதுவே எஸ்பிரஸ்ஸோ (அழுத்தத்துல இறக்குற கெட்டிக் காப்பி) போட்டுக் கொடுக்கும்னு சொன்னாங்க, விலையும் பன்னெண்டாயிரம் குறைச்சிருந்தாங்க, நானும் ரெண்டு வீடியோ பார்த்துட்டு வாங்கிட்டேன். நாலாவது மாசம் தண்ணி சொட்டு சொட்டா வர ஆரம்பிச்சுது, அஞ்சாவது மாசம் சுத்தமா நின்னுடுச்சு. சென்னையில ரிப்பேர் பண்ண ஆள் இல்ல, பெங்களூருக்கு அனுப்பணும்னாங்க, அனுப்பி ஆறு வாரம் கழிச்சு "உள்ள சுண்ணாம்பு படிஞ்சிருக்கு, வாரண்டில வராது, ஒன்பதாயிரத்து சொச்சம் கட்டுங்க"ன்னு மெயில் வந்துது. நான் இருக்குறது மேடவாக்கம் பக்கம், போர் தண்ணி. வாங்குறதுக்கு முன்னாடி ஒருத்தராவது "உங்க வீட்டு தண்ணி என்ன"ன்னு கேட்டிருந்தா இந்த அலைச்சல் எதுவுமே இருந்திருக்காது.

அதுக்கப்புறம் படிச்சு, கடை கடையா ஏறி இறங்கி, ரெண்டாவது மெஷின் வாங்கி இப்போ எட்டு மாசமா ஒழுங்கா ஓடுது. புதுசா வாங்குறவங்க எந்த வரிசையில யோசிக்கணுமோ அந்த வரிசையிலயே எழுதுறேன். பிராண்ட் பேரு கடைசிலதான் வரணும், நான் அதைத்தான் முதல்ல பார்த்தேன்.

1. வீட்ல யாரு, எத்தனை கப், எத்தனை மணிக்கு

ஒரு பேப்பர்ல எழுதுங்க. காலையில எத்தனை பேர் குடிக்கிறாங்க, எல்லாரும் ஒரே நேரத்துல குடிக்கிறாங்களா, பால் காப்பியா கருப்பா. ஒரு ஆளுக்குக் கொட்டை அரைச்சு, அழுத்தி, எஸ்பிரஸ்ஸோ இறக்கி, பால் நுரைச்சுக் கொடுக்க கை பழகினவங்களுக்கே நாலஞ்சு நிமிஷம் ஆகும். வீட்டு மெஷின்ல பெரும்பாலும் காப்பி இறங்கும்போதே பால் நுரைக்க முடியாது, ஒண்ணு முடிஞ்சுதான் இன்னொண்ணு. அஞ்சு பேர் இருக்குற வீட்ல அஞ்சாவது ஆளுக்குக் காப்பி வரும்போது முதல் ஆள் ஆபீஸ் கிளம்பியிருப்பாரு. விருந்தாளி வந்தா இன்னும் கஷ்டம், அதனால பித்தளை ஃபில்டரைத் தூக்கிப் பரண்ல போட்டுடாதீங்க.

இன்னொரு விஷயம், ருசி. சிக்கரி போட்ட டிகாஷனுக்குப் பழகின நாக்குக்கு எஸ்பிரஸ்ஸோ முதல்ல புளிப்பாதான் தெரியும். எங்க அம்மா முதல் நாள் ஒரு வாய் குடிச்சுட்டு "வாசமே வரலையே"ன்னு வச்சுட்டாங்க. ஃபில்டர் காப்பியைத்தான் மெஷின்ல எதிர்பார்க்குறீங்கன்னா தயவுசெஞ்சு வாங்காதீங்க, இது வேற பானம். லேசா ரொபஸ்டா ரகம் கலந்த, கொஞ்சம் கூட வறுத்த கொட்டை போட்டா ஓரளவுக்குப் பக்கத்துல வரும், அவ்வளவுதான்.

2. ரெண்டு வகை இருக்கு, குழப்பிக்காதீங்க

ஒண்ணு, கைப்பிடி வச்ச மெஷின். கிரைண்டர் அரைச்சு போர்ட்டாஃபில்டர்ல (பொடி பிடிக்கிற கைப்பிடிக் கரண்டி) கொட்டும், நீங்க அழுத்தி, மாட்டி, பட்டனைத் தட்டணும். பிரெவில் பாரிஸ்டா எக்ஸ்பிரஸ் (இங்கிலாந்துல இதையே சேஜ்ங்கிற பேர்ல விக்கிறாங்க), டிலாங்கி லா ஸ்பெஷலிஸ்டா எல்லாம் இந்த வகை. ருசி உங்க கையில இருக்கு, தப்பு பண்ணினாலும் அது கப்புல தெரியும். பழக ரெண்டு மூணு வாரம் பிடிக்கும்.

ரெண்டாவது, முழு ஆட்டோமேட்டிக். டிலாங்கி மேக்னிஃபிகா, பிலிப்ஸ் லாட்டேகோ மாதிரி. பட்டனைத் தட்டினா கப்புல காப்பி, சக்கையைக்கூட அதுவே உள்ள இருக்குற டப்பால தள்ளிடும். வீட்ல பெரியவங்களும் போட்டுக் குடிக்கணும்னா இதுதான் சரி. ருசியில ஒரு அளவுக்கு மேல ஏத்த முடியாது. சென்னை மாதிரி ஊர்ல அந்த சக்கை டப்பாவை ரெண்டு நாள் கவனிக்காம விட்டா வெள்ளையா பூஞ்சை பூத்துடும், தினம் கொட்டிக் கழுவணும். இந்த வகை வாங்குறதா இருந்தா காப்பி இறங்குற அந்த உள் பாகத்தைக் கையால வெளிய எடுத்துக் குழாய்ல கழுவ முடியுமான்னு பாருங்க. மேக்னிஃபிகா, பிலிப்ஸ்ல எடுக்கலாம். ஜூரா மெஷின்ல நம்ம எடுக்க முடியாது, அவங்க மாத்திரை போட்டுத்தான் உள்ளயே கழுவணும், அந்த மாத்திரைச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

நான் முதல்ல வாங்கினது கைப்பிடி வகை, இப்போ இருக்கறதும் அதே வகைதான், ஏன்னா எனக்கு அந்த வேலை பிடிச்சிருக்கு. என் தங்கச்சி கோயம்புத்தூர்ல முழு ஆட்டோமேட்டிக் வச்சிருக்கா, அவளுக்குக் காலையில ரெண்டு பசங்களைக் கிளப்பணும், அழுத்திக்கிட்டு நிக்க நேரம் இல்ல. ரெண்டும் சரிதான்.

3. கிரைண்டரைப் பாருங்க, மத்ததெல்லாம் அப்புறம்

கடைக்காரர் "15 பார் பிரஷர், 20 பார் பிரஷர்"னு ஆரம்பிப்பாரு. எஸ்பிரஸ்ஸோ இறங்கத் தேவை 9 பார் கிட்டதான். 15ங்கிறது அந்தச் சின்ன பம்ப்பால அதிகபட்சம் தர முடிஞ்ச அளவு, 20ன்னு போட்டிருக்குறதால காப்பி நல்லா வந்துடாது. அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திட்டு "கிரைண்டர் எத்தனை செட்டிங்"னு கேளுங்க.

ஏன்னா, கைப்பிடி மெஷின்ல காப்பி 25லேர்ந்து 30 செகண்ட்ல இறங்கணும். பொடி கொஞ்சம் கரகரப்பா இருந்தா 15 செகண்ட்ல கொட்டிடும், புளிக்கும். ரொம்ப நைஸா இருந்தா 45 செகண்டுக்கு சொட்டிக்கிட்டே இருக்கும், கசக்கும். செட்டிங் எண்ணிக்கை கம்மியா இருந்தா, ஒரு நம்பர்ல 18 செகண்டு, அடுத்த நம்பர்ல 42 செகண்டுன்னு தாவும், நடுவுல நிக்க இடமே இருக்காது. லா ஸ்பெஷலிஸ்டா ஆர்ட்டேல 8 செட்டிங், பாரிஸ்டா எக்ஸ்பிரஸ்ல 16, அதுக்கு மேல இருக்குற பாரிஸ்டா புரோல 30. எட்டு இருந்தா காப்பியே வராதுன்னு இல்ல, பொடி அளவை அரை கிராம் ஏத்தி இறக்கி சரிக்கட்டலாம், ஆனா புதுசா பழகுறவங்களுக்கு அது தலைவலி. முழு ஆட்டோமேட்டிக்ல இந்தப் பிரச்சினை கம்மி, மேக்னிஃபிகா எஸ்-ல 13, பிலிப்ஸ்ல 12ன்னு இருக்கும், அதுவே போதும்.

கேட்க வேண்டிய மத்த கேள்விகள்: உள்ள இருக்கறது பர்ரா பிளேடா (பர்னா ரெண்டு பல் சக்கரத்துக்கு நடுவுல நசுக்கி அரைக்கும், பிளேடுன்னா எழுந்து வந்துடுங்க, மிக்ஸி மாதிரி அடிக்கும், பொடி ஒரே அளவா வராது). மேல் பர்ரை நம்மளே கழட்டி பிரஷ் போட்டு சுத்தம் பண்ணலாமா. ஹாப்பரை, அதாவது மேல கொட்டை போடுற டப்பாவை, கொட்டை சிந்தாம எடுக்க முடியுமா. பர் தேஞ்சா தனியா வாங்கி மாட்ட முடியுமா.

இதுல ஒரு பெரிய குறை இருக்கு, யாரும் முன்னாடியே சொல்ல மாட்டாங்க. கிரைண்டர் தனியா, மெஷின் தனியா இருந்தா ஒண்ணு கெட்டா இன்னொண்ணு ஓடும். சேர்ந்து இருந்தா கிரைண்டர்ல ஒரு கல் மாட்டினாக்கூட பத்து கிலோ மெஷினை அட்டைப்பெட்டில போட்டுத் தூக்கிக்கிட்டுப் போகணும். அந்தப் பெட்டியும் தெர்மாகோலும் வாரண்டி முடியுற வரைக்கும் பரண்லயே இருக்கட்டும், எடைக்குப் போட்டுடாதீங்க.

கல்லுன்னு சும்மா சொல்லல. நம்ம ஊர் வறுத்து அரைக்கிற கடைகள்ல அரைக்காம கொட்டையா கேட்டு வாங்கினா, எப்பவாவது ஒரு சின்னக் கல் கலந்திருக்கும். ஒரு பெரிய தட்டுல பரப்பி, அரிசில கல் பார்க்குற மாதிரி பார்த்துட்டு ஹாப்பர்ல போடுங்க. அரை நிமிஷ வேலை.

ஹாப்பர்ல போடக் கூடாதது: சிக்கரி கலந்த எதுவும், எண்ணெய் வழியற அளவுக்குக் கருக வறுத்த கொட்டை, சர்க்கரையோ வாசனையோ சேர்த்த கொட்டை. எண்ணெய்க் கொட்டை உள்ள பிசுபிசுன்னு ஒட்டி வழியை அடைச்சுடும். ஆட்டோமேட்டிக் மெஷின்ல பொடி போட ஒரு தனி ஓட்டை இருக்கும், அதுல வீட்டு ஃபில்டர் காப்பிப் பொடியைப் போடலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. சிக்கரி இருக்குற பொடின்னா வேண்டாம், ஈரம் பட்டதும் பிசினாயிடும்.

4. தண்ணி: என் காசு போன இடம்

முந்நூறு ரூபா கிட்ட ஒரு டிடிஎஸ் மீட்டர் (தண்ணில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டுறது) கிடைக்கும், மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி அதை வாங்குங்க. எங்க போர் தண்ணில 1140 காட்டுச்சு. தங்கச்சி வீட்ல சிறுவாணி தண்ணி, அவ மெஷின்ல சுண்ணாம்புத் தொல்லையே இல்ல. காப்பிக்கு 75லேர்ந்து 250 வரைக்கும் பரவாயில்ல, 150 கிட்ட இருந்தா ரொம்ப நல்லதுன்னு ஸ்பெஷாலிட்டி காப்பி ஆளுங்க ரொம்ப நாளா சொல்லிட்டு வர்ற கணக்கு.

"சரி, ஆர்ஓ தண்ணி ஊத்திக்கிறேன்"னு நினைப்பீங்க, நானும் ரெண்டாவது மெஷினுக்கு முதல்ல அதைத்தான் பண்ணினேன். வீட்டு ஆர்ஓல 25 காட்டுச்சு. உப்பே இல்லாத தண்ணில காப்பி சப்புன்னு இருக்கும், சில மெஷின்ல தண்ணி இருக்கான்னு பார்க்குற சென்சாருக்கே அது தெரியாது, பிரெவில் மேனுவல்லயே ரொம்ப வடிகட்டின, உப்பு நீக்கின தண்ணி ருசியைக் கெடுக்கும், போடாதீங்கன்னு போட்டிருக்கு. கேன் தண்ணியும் பாதி நேரம் இதே கதைதான், மீட்டர் போட்டுப் பாருங்க. நான் பண்ணினது, ஆர்ஓ சர்வீஸுக்கு வர்றவரைக் கூப்பிட்டு உள்ள இருக்குற டிடிஎஸ் கண்ட்ரோலரைத் திருப்பி 110ல வைக்கச் சொன்னேன். வீட்டுக் குடிதண்ணியும் அதனால கொஞ்சம் ருசியாச்சு. உங்க ஆர்ஓல கண்ட்ரோலர் இல்லன்னா மினரல் சேர்க்குற கேட்ரிட்ஜ் ஒண்ணு மாட்டுவாங்க.

அபார்ட்மென்ட்ல சாஃப்ட்னர் இருக்குறவங்க கவனிங்க. சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துட்டு அந்த இடத்துல சோடியத்தை வைக்கும், அதனால மீட்டர்ல நம்பர் குறையவே குறையாது, சுண்ணாம்பு மட்டும் குறையும். நம்பரைப் பார்த்து பயப்படவும் வேண்டாம், அந்த உப்புத் தண்ணியை மெஷின்ல ஊத்தவும் வேண்டாம்.

அப்புறம் டிஸ்கேலிங், அதாவது உள்ள படிஞ்ச சுண்ணாம்பை மருந்து போட்டுக் கரைச்சு எடுக்குறது. மெஷின் லைட் போட்டுக் கேட்டா அன்னைக்கே பண்ணிடுங்க, அடுத்த வாரம்னு தள்ளாதீங்க. எந்த மருந்து போடணும்னு மேனுவல் சொல்லுதோ அதை மட்டும் போடுங்க. டிஸ்கேலர் வாங்கின பில்லு எல்லாத்தையும் போட்டோ எடுத்து ஒரு ஃபோல்டர்ல வைங்க, தேதியோட. வாரண்டி கேக்கும்போது "நான் ஒழுங்கா பண்ணியிருக்கேன்"னு காட்ட அது ஒண்ணுதான் உங்க கையில இருக்கும். என் கையில அது இல்ல.

5. பிளக்கும் இடமும்

இந்த மெஷினெல்லாம் 1450லேர்ந்து 1850 வாட்ஸ் வரைக்கும் இழுக்கும். சமையல்கட்டுல மிக்ஸிக்கு இருக்குற சின்ன 6 ஆம்ப் பிளக் பாயிண்ட் 230 வோல்ட்ல 1380 வாட்ஸ்தான் தாங்கும். 16 ஆம்ப் பாயிண்ட் வேணும், இல்லன்னா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் புதுசா இழுக்கணும், எனக்கு 1800 ரூபா ஆச்சு. சில மெஷின் ஐரோப்பாப் பிளக்கோட வரும், ரெண்டு குண்டு பின். அதுக்கு அம்பது ரூபா அடாப்டர் போட்டா நாள்பட சூடாகி உருகும், 16 ஆம்ப் தாங்குற நல்ல அடாப்டரா கடைலயே கேட்டு வாங்குங்க. இன்வெர்ட்டர்ல இதை ஓட்ட நினைக்காதீங்க.

அமெரிக்காலேர்ந்து வர்ற அண்ணன்கிட்ட சொல்லி வாங்கிட்டு வரலாமேன்னு தோணும், விலையும் அங்க குறைவுதான். வேண்டாம். அங்க 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நேரா மாட்டினா அன்னைக்கே போயிடும். டிரான்ஸ்ஃபார்மர் போட்டாலும் 2000 வாட்ஸுக்கு மேல தாங்குறது வேணும், அது ஒரு பெரிய இரும்பு கனம், அப்படியும் உள்ள இருக்குற பம்ப் கரண்ட்டோட ஹெர்ட்ஸுக்குத் தகுந்த மாதிரிதான் அடிக்கும், 50ல அதே வேகம் வராது. வாரண்டியும் இங்க செல்லாது. சிங்கப்பூர், துபாய்ல வாங்கினா வோல்ட் பிரச்சினை இல்ல, வாரண்டி பிரச்சினை அப்படியே இருக்கும்.

இடம் அளக்கும்போது மெஷின் உயரத்தை மட்டும் அளக்காதீங்க. ஹாப்பர் மூடியைத் திறந்து கொட்டை கொட்ட மேல ஒரு ஜாண் இடம் வேணும், தண்ணி டேங்க் பின்னாடி இருந்தா அதை மேல தூக்கி எடுக்க வேணும். மெஷின் மட்டுமே ஒன்னேகால் அடி கிட்ட இருக்கும். மேல கபோர்டு இருக்குற மேடைன்னா டேப் வச்சு அளந்து எழுதிக்கிட்டுக் கடைக்குப் போங்க. சத்தமும் உண்டு, காலையில அஞ்சரைக்கு அரைச்சா பக்கத்து ரூம்ல தூங்குற குழந்தை எழுந்துக்கும்.

6. வாங்குறதுக்கு முன்னாடி சர்வீஸ் சென்டருக்கு போன் போடுங்க

கடைக்கு இல்ல, சர்வீஸ் சென்டருக்கு. கம்பெனி வெப்சைட்ல இருக்குற நம்பருக்குக் கூப்பிட்டு உங்க பின்கோடைச் சொல்லுங்க. வீட்டுக்கு ஆள் வருவாங்களா, நான் தூக்கிட்டு வரணுமா? இந்த ஊர்லயே ரிப்பேரா, வேற ஊருக்கு அனுப்புவீங்களா? அனுப்பினா கூரியர் காசு யாரு, வழியில உடைஞ்சா யாரு பொறுப்பு? பம்ப், கேஸ்கெட், பர் எல்லாம் ஸ்டாக் இருக்கா? கிரைண்டருக்கும் ஒரே வாரண்டியா? இந்தக் கேள்வியெல்லாம் கேட்டு, பதிலை மெயில்ல அனுப்பச் சொல்லுங்க. மூணு தடவை கூப்பிட்டும் போனை எடுக்கலைன்னா உங்களுக்கு வேண்டிய பதில் கிடைச்சாச்சு, அந்த மெஷின் எவ்வளவு நல்லா இருந்தாலும் அடுத்ததைப் பாருங்க.

நான் ரெண்டாவது தடவை நாலு கம்பெனிக்குக் கூப்பிட்டேன். ரெண்டு பேர்தான் தெளிவா பதில் சொன்னாங்க. அந்த ரெண்டுலேர்ந்துதான் எடுத்தேன்.

7. மொத்தச் செலவு

மெஷின் விலை அடிக்கடி மாறும், தோராயமா சொல்றேன். கிரைண்டரோட இருக்குற ஆரம்ப நிலை மெஷின் 25லேர்ந்து 40 ஆயிரம், பேர் தெரிஞ்ச கம்பெனியோட நடுத்தர மெஷின் 50லேர்ந்து 90 ஆயிரம், அதுக்கு மேல டச் ஸ்க்ரீன் எல்லாம் வச்சு லட்சத்தைத் தாண்டும்.

இதுக்கு மேல வர்றது: பிளக் பாயிண்ட் 1800, 0.1 கிராம் வரைக்கும் காட்டுற தராசு ஆயிரத்து சொச்சம் (கைப்பிடி மெஷினுக்கு இது இல்லாம முடியவே முடியாது), டிடிஎஸ் மீட்டர் 300, டிஸ்கேலர், சுத்தம் பண்ற மாத்திரை எல்லாம் வருஷத்துக்கு ரெண்டாயிரத்துலேர்ந்து மூவாயிரம். டேம்பர் (பொடியை அழுத்துற குமிழ்), பால் ஜக் மெஷினோடயே வந்துடும், தனியா வாங்காதீங்க. அப்படியே வாங்கினாலும் சைஸ் பாருங்க, பாரிஸ்டா எக்ஸ்பிரஸ் 54 மி.மீ., ஸ்பெஷலிஸ்டா ஆர்ட்டே 51, காப்பிக் கடைகள்ல இருக்குற பெரிய மெஷின் 58. ஆன்லைன்ல மலிவா கிடைக்குறது பாதி 58 மி.மீ., அது உங்களுக்கு சேராது. சக்கை தட்ட தனிப் பெட்டி எதுக்கு, ஒரு எவர்சில்வர் டப்பா போதும்.

மறந்துடக் கூடாத செலவு கொட்டை. 250 கிராம் 600 ரூபான்னு வச்சுக்குவோம், ஒரு டபுள் ஷாட்டுக்கு (ரெட்டை அளவு எஸ்பிரஸ்ஸோ) 18 கிராம் போனா 43 ரூபா. ஒரு நாளைக்கு ரெண்டுன்னா மாசத்துக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல, 2600 ரூபா கிட்ட வரும், பால் தனி. வீட்ல நாலு பேர் குடிச்சா என்ன ஆகும்னு நீங்களே பெருக்கிக்கோங்க. வறுத்து அரைக்கிற கடைல பிளான்டேஷன் ஏ, பீபெர்ரி ரகங்களைக் கொட்டையா வாங்கினா இதைவிடக் குறையும், "அரைக்காதீங்க, சிக்கரி வேண்டாம், இந்த வாரம் வறுத்தது வேணும்"னு மூணையும் தெளிவா சொல்லுங்க.

இஎம்ஐல வாங்குறவங்களுக்கு ஒண்ணு. நோ காஸ்ட்னு போட்டிருந்தாலும் வட்டியைத் தள்ளுபடியா கழிச்சுட்டு, அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டியை பேங்க் உங்ககிட்ட வாங்கும், ப்ராசஸிங் ஃபீஸும் சேரும். பெரிய தொகை இல்ல, ஆனா ஸ்டேட்மென்ட்ல பார்த்துட்டு அதிர்ச்சி ஆகாதீங்க.

8. பில்லு, ஸ்டிக்கர், முதல் ஏழு நாள்

பெட்டி மேல இறக்குமதி பண்ணினவங்க பேரு, அட்ரஸ், எம்ஆர்பி, மாசம் வருஷம் போட்ட ஸ்டிக்கர் இருக்கணும், வெளிநாட்டுலேர்ந்து வர்ற பாக்கெட் பொருளுக்கு 2011 லீகல் மெட்ராலஜி விதிப்படி அது கட்டாயம். அது இல்லன்னா யாரோ சைடுல கொண்டுவந்த சரக்கு, கம்பெனி கை விரிச்சுடும். ஜிஎஸ்டி பில்லுல உங்க பேரு, மாடல், சீரியல் நம்பர் மூணும் வரணும். மெஷின் அடியில இருக்குற சீரியல் நம்பரும் பில்லுல இருக்கறதும் ஒண்ணான்னு பாருங்க. வாரண்டி கார்டு இருந்தா கடை சீல் வாங்குங்க, ஆன்லைன் ரெஜிஸ்ட்ரேஷன் இருந்தா அன்னைக்கே பண்ணிட்டு ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. பெட்டி பிரிக்கிறதை வீடியோ எடுங்க, ஒட்டின டேப்லேர்ந்து ஆரம்பிச்சு, நடுவுல நிறுத்தாம.

ஆன்லைன்ல பெரும்பாலும் ஏழு நாள்தான் டைம், அதுவும் மாத்தித் தருவாங்களே தவிர பணம் திரும்பாது. அதனால தீபாவளி ஆஃபர்ல வாங்கிட்டு ஊருக்குக் கிளம்பிடாதீங்க, வீட்ல இருக்குற வாரமா பார்த்து வர வைங்க. கொட்டையை மெஷின் வர்ற அதே நேரத்துக்கு வர்ற மாதிரி ஆர்டர் பண்ணி வைங்க, நான் மெஷின் வந்து ஆறு நாள் கழிச்சுத்தான் கொட்டை வாங்கினேன், சோதிக்க ஒரு நாள்தான் மிச்சம் இருந்துச்சு. அந்த ஏழு நாளுக்குள்ள பார்க்க வேண்டியது: கிரைண்டர் எல்லா செட்டிங்லயும் ஓடுதா, கடைசி நைஸ் செட்டிங்ல காப்பி நிஜமாவே மெதுவாகுதா, நீராவி ஒரு நிமிஷம் விடாம வருதா, அடியில எங்கயாவது ஒழுகுதா.

பிரச்சினை வந்து கம்பெனி பதில் சொல்லலைன்னா 1915ங்கிற நுகர்வோர் ஹெல்ப்லைனுக்குக் கூப்பிடுங்க, புகார் நம்பர் குடுப்பாங்க. அதுக்கும் மசியலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், பொருளுக்கு நீங்க கட்டின விலை 5 லட்சம் வரைக்கும் இருந்தா கட்டணமே இல்ல. பில்லும் மெயிலும் உங்க கையில இருந்தா தைரியமா போகலாம்.

9. முதல் ரெண்டு வாரம்

வறுத்த தேதி போட்ட கொட்டை வாங்குங்க, வறுத்து ஒரு வாரம் பத்து நாள் ஆனது நல்லா இருக்கும், ஆறு வாரத்துக்கு மேல போனா மணம் போயிடும். சிக்மகளூர், குடகு, நம்ம ஏற்காடுன்னு எல்லா ஊர்க் கொட்டையும் இப்போ தேதியோட கிடைக்குது. லைட் ரோஸ்ட் வேண்டாம், வீட்டு மெஷின்ல அதைச் சரியா இறக்குறது கஷ்டம், மீடியம் டார்க்ல ஆரம்பிங்க. ஹாப்பர் நிறைய ரொப்பாதீங்க. நம்ம ஊர் ஈரக்காத்து, கீழ மெஷின் சூடு, ரெண்டும் சேர்ந்து மூணு நாள்ல கொட்டை நமத்துடும். அன்னன்னைக்கு வேண்டியதைப் போட்டுட்டு மிச்சத்தைக் காத்துப் புகாத டப்பால வைங்க.

கைப்பிடி மெஷினோட ரெண்டு மாதிரி கூடை (பொடி போடுற சல்லடைக் கிண்ணம்) வரும். ரெட்டைச் சுவர் கூடைல கீழ ஒரே ஒரு ஓட்டை, பொடி எப்படி இருந்தாலும் நுரையோட இறக்கிடும். முதல் வாரம் அதுல பழகுங்க, அப்புறம் ஒற்றைச் சுவர் கூடைக்கு வாங்க. அதுல 18 கிராம் பொடி போட்டா 36 கிராம் காப்பி, 25லேர்ந்து 30 செகண்டு, கூடை சின்னதுன்னா 14 போட்டு 28, எப்படியும் பொடியைப் போல ரெண்டு மடங்கு. வேகமா கொட்டினா ஒரு நம்பர் நைஸா, சொட்டினா ஒரு நம்பர் கரகரப்பா, ஒரு தடவைக்கு ஒண்ணை மட்டும் மாத்துங்க. நம்பரை மாத்தினதும் வர்ற முதல் பொடில பழையது கலந்திருக்கும், அஞ்சாறு கிராம் அரைச்சுக் கொட்டிட்டுப் பாருங்க. ஆட்டோமேட்டிக் மெஷின்ல கிரைண்டர் ஓடிட்டு இருக்கும்போது மட்டும்தான் நம்பரைத் திருப்பணும், நின்னுட்டு இருக்கும்போது நைஸ் பக்கம் திருப்பினா உள்ள மாட்டிக்கும். இப்படிப் பழகுறதுக்குள்ள 200 கிராம் கொட்டை போகும், அதுக்கு விலை கம்மியான பாக்கெட்டா வாங்குங்க.

பாலுக்கு ஆவின் பச்சை பாக்கெட் எனக்கு நல்லா வருது, கொழுப்பு 4.5 சதவீதம். ஆரஞ்சுல 6 சதவீதம், இன்னும் கெட்டியா இருக்கும். ஃப்ரிட்ஜ்லேர்ந்து நேரா ஜில்லுன்னு ஊத்துங்க, பாக்கெட் பால் பாஸ்டுரைஸ் பண்ணினதுதான், காய்ச்சணும்னு இல்ல. காய்ச்சின பால்னா ஏடு நுரையில திரிதிரியா நிக்கும், வடிகட்டணும். பால்காரர்கிட்ட வாங்குற கறந்த பால்னா மட்டும் கட்டாயம் காய்ச்சி ஆற வச்சு வடிகட்டிப் போடுங்க. ஜக்குல கை வைக்க முடியாத சூடு வந்ததும் நிறுத்திடுங்க, அது 60, 65 டிகிரி கிட்ட, அதுக்கு மேல போனா பாலோட இனிப்பு போயிடும். நிறுத்தின அடுத்த நொடி ஈரத்துணியால நீராவிக் குழாயைத் துடைச்சு ஒரு தடவை நீராவி விடுங்க, உள்ள பால் காஞ்சா அடைப்பை எடுக்க ஊசி வச்சுக் குத்திக்கிட்டு இருக்கணும்.

பொங்கலுக்கோ லீவுக்கோ நாலஞ்சு நாள் ஊருக்குப் போறீங்கன்னா, கிளம்புற அன்னைக்கு ஹாப்பரைக் காலி பண்ணி, உள்ள மிச்சம் இருக்குறதை அரைச்சுக் கொட்டிட்டு, டேங்க் தண்ணியை ஊத்திட்டு, சொட்டுத் தட்டையும் சக்கை டப்பாவையும் கழுவிக் கவுத்து வச்சு, ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணி பிளக்கைப் பிடுங்கிட்டுப் போங்க. திரும்பி வந்து முதல்ல ரெண்டு கப் வெறும் தண்ணி ஓட்டிட்டு அப்புறம் காப்பி போடுங்க.